ஆறிவிட்ட காயம்

என் புருஷன் சின்னசாமியிடம் ஒன்றைச் சொல்வது எருமை மாட்டின் மேல் மழை பெய்வது மாதிரிதான். கல்யாணம் ஆன நாளிலிருந்து இதே கதை. ஆனாலும் அந்த ஆடி மாதத்தில் இந்த மனுஷன் காட்டிய பிடிவாதத்தை நினைத்தால் எனக்கு இப்போதும் பற்றிக்கொண்டு வருகிறது.

பர்மாவில் சண்டை நடந்துகொண்டிருந்த சமயம். எங்கள் ஊர் பட்டாபிராமில் பட்டாளத்து சைடிங்கில் ஓயாமல் கூட்ஸ் வண்டிகள் வந்து நிற்கும். அவருக்கு அங்கே சாமான் இறக்கும் வேலை. எனக்கு ஆவடியில், பட்டாளத்துக்கு உழைக்கும் கூலிகளுக்கென்று போட்டிருந்த கொட்டகை ஆஸ்பத்திரியில் ஆயா வேலை. எங்கள் அப்பன் பாட்டன் எல்லோரும் ஊர்க்காரர்களின் நிலத்தில் ஏர் ஓட்டியே செத்தவர்கள். சண்டை வந்த பிறகுதான் எங்கள் தெரு ஆட்கள் சங்கு ஊதினால் வேலைக்குப் போய், சங்கு ஊதினால் வீட்டுக்கு வந்தார்கள்.

அந்த வருஷம் மாசியில் எங்கள் பெண் சாமுண்டீஸ்வரிக்கு அம்மை போட்டது. அவளுக்கு அப்போது மூன்று வயசு. இமை இரண்டும் ஒட்டிக்கொண்டு கண் திறக்கவில்லை. நான் பொன்னியம்மன் கோயில் வாசலில் விழுந்து, குழந்தையின் கண்ணைத் திறந்துவிட்டால் என் புருஷன் ஆடியில் உன் நெருப்பில் இறங்குவான் தாயே என்று வேண்டிக்கொண்டேன். கண் திறந்தது. வேண்டியது என் வாய், தீர்க்கவேண்டியது அவர் கால். அதில் எனக்கு ஒரு சௌகரியம் இருந்தது, இல்லை என்று சொல்லமாட்டேன். அவரும் முணுமுணுக்காமல் ஒத்துக்கொண்டார். பெண் என்றால் அவருக்கு உயிர்.

எங்கள் கோயிலுக்குப் பூசாரி அவருடைய அண்ணன் முனியன். நெருப்பில் இறங்குகிறவர்களுக்கு அவர்தான் மஞ்சள் கயிற்றில் காப்புக் கட்டுவார். உடம்பில் திறந்த காயம் இருப்பவனுக்குக் காப்புக் கிடையாது. கட்டிய பிறகு ஊர் எல்லையைத் தாண்டக்கூடாது, உடம்பில் கத்தி படக்கூடாது, ஒரு சொட்டு ரத்தம் விழக்கூடாது. விழுந்தால் காப்புக் கெட்டது. அந்த நிமிஷமே அதை அறுத்துவிட வேண்டும், அந்த ஆள் நெருப்புப் பக்கமே போகக்கூடாது. இந்தச் சட்டத்தை முனியன் மாமா யாருக்காகவும் வளைத்ததில்லை.

காப்புக் கட்டுவதற்கு முந்தின சாயங்காலம் சின்னசாமி நொண்டிக்கொண்டு வீட்டுக்கு வந்தார். சைடிங்கில் கோவேறு கழுதைகளை ஏற்றிய வண்டி வந்திருக்கிறது. அதைக் கழுவிவிடும்போது, சாணிக்குள் கிடந்த பலகையின் ஆணி உள்ளங்காலில் ஆழமாக இறங்கிவிட்டது. தானே பிடுங்கிப் போட்டுவிட்டு வந்திருக்கிறார். முனியன் மாமா வந்து பார்த்தார். காயத்தோடு தம்பிக்கு எப்படிக் காப்புக் கட்டுவது என்று அவருக்குக் கவலை. சுண்ணாம்பையும் வெல்லத்தையும் சேர்த்துக் குழைத்தார், ஓட்டைக்குள் கட்டைவிரலால் அழுத்தி அடைத்தார், மேலே ஒரு வில்லை மாதிரி பற்றுப் போட்டார். சுளுக்கு, முள், தேள் எல்லாவற்றுக்கும் எங்கள் ஜனங்களுக்கு இதுதான் வைத்தியம். காய்ந்தால் கல் மாதிரி இறுகிவிடும். காலையில் ரத்தமும் இல்லை, நீரும் இல்லை. அண்ணன் அழுத்திப் பார்த்து ஆறிப்போச்சி என்றார், தம்பி எழுந்து நின்று காட்டினார், காப்பு ஏறிவிட்டது.

நானும் அதைப் பெரிதாக நினைக்கவில்லை. அடுத்த வாரம் அய்யாசாமி என்று ஒரு லாரி கழுவுகிற ஆளை எங்கள் கொட்டகைக்குத் தூக்கி வந்தார்கள். அதற்கப்புறம்தான் எனக்குத் தூக்கம் போனது.

அந்த ஆள் சிரித்துக்கொண்டிருக்கிறான் என்றுதான் முதலில் நினைத்தேன். உதடு இரண்டு பக்கமும் இழுத்துக்கொண்டு பல் தெரிந்தது. அது சிரிப்பில்லை, வாய் பூட்டிக்கொண்டிருந்தது. ஒரு டம்ளர் கீழே விழுந்த சத்தத்துக்கே முதுகு வில்லாக வளைந்து, தலையும் குதிகாலும் மட்டும் பாயில் படக் கிடந்தான். புத்தி மட்டும் தெளிவாக இருந்தது. கண் என்னையே பார்த்தது, அதுதான் கொடுமை. டாக்டர் ஜெயராமன் அவன் உடம்பு முழுக்கக் காயம் தேடினார். குதிகாலில் பழைய தழும்பு மாதிரி ஒன்று இருந்தது, நன்றாக மூடி ஆறியிருந்தது. அதைக் கீறினால் உள்ளே ஒரு மரச்சிராய், கறுப்பாக. அய்யாசாமி மறுநாள் செத்துப்போனான்.

டாக்டர் பூந்தமல்லிக்காரர், சின்ன வயசு, எடுத்ததற்கெல்லாம் கத்துகிறவர். அன்றைக்குக் கட்டுப் போடுகிறவர்கள், ஆயாக்கள் எல்லோரையும் நிற்கவைத்துக் கத்தினார். இதற்கு ரணஜன்னி என்று பேர், இனி எவனாவது ஆழமான காயத்தை அடைத்துக் கட்டினால் கையை ஒடித்துவிடுவேன் என்றார். ஏன் என்று யாரோ மெதுவாகக் கேட்டார்கள்.

"இந்தக் கிருமி குதிரைச் சாணி, கழுதைச் சாணியில விதை மாதிரி கிடக்கும். காத்து பட்டுக்கிட்டு இருந்தா அது தூங்கும், ஒரு கெடுதலும் பண்ணாது. காயத்த மூடிட்டீங்கன்னா முளைச்சிடும். முளைச்சு விஷம் காய்ச்சும். கள்ளச் சாராயம் காய்ச்சறவன் கதவைத் தொறந்து வச்சிட்டா காய்ச்சறான்? அதே மாதிரிதான். கிருமி இருந்த எடத்த விட்டு நகராது. விஷம் மட்டும் நரம்பைப் பிடிச்சு மேல ஏறும்."

கூட்டம் கலைந்ததும் டாக்டர் பின்னாலேயே ஓடி, என் வீட்டுக்காரருக்கு நடந்ததைச் சொன்னேன். சுண்ணாம்பு வெல்லம் என்றதும் தலையில் அடித்துக்கொண்டார். முதலில் எது தெரியும் என்று கேட்டேன். தாடைதான், வாய் திறக்க வராது என்றார். எப்போது வரும் என்று கேட்டேன். சிலருக்கு வாரத்தில், சிலருக்கு மாசம் கழித்து, சிலருக்கு வராமலே போகும், அதை யாராலும் சொல்லமுடியாது என்றார். உடனே கூட்டி வா, கீறித் திறந்துவிட்டு விஷத்தை முறிக்கிற சீரம் ஊசி போடுகிறேன், அது பட்டாளத்துக்காரனுக்கென்று வைத்திருப்பது, கேட்டால் நான் பதில் சொல்லிக்கொள்கிறேன் என்றார். கத்துகிற மனுஷனுக்குள் இப்படி ஒரு மனசு. ஆனால் ஒன்றும் சொன்னார். நரம்புக்குள் ஏறிவிட்ட விஷத்தை எந்தச் சீரமும் இறக்காது.

ரயிலில் எனக்கு உட்கார முடியவில்லை. வாசற்படியிலேயே நின்றேன். வீட்டுக்கு ஓடினால் இந்த மனுஷன் சாவகாசமாகக் கூழ் குடித்துக்கொண்டிருக்கிறார். வாயைத் திற என்றேன். கூழ் குடிக்கிற வாயைத்தான் திறந்து வைத்திருக்கிறேனே, உனக்குப் பைத்தியமா என்று கேட்டார். எல்லாவற்றையும் மூச்சு விடாமல் சொன்னேன். அவர் காலைத் தூக்கி உள்ளங்காலைக் காட்டினார். பற்று வெள்ளையாக, விளிம்பு கூட உதிராமல், அழகாக உட்கார்ந்திருந்தது.

"பாரு, ஆறிப்போயி கீது. ஆறின காயத்துக்கு எவனாச்சும் ஆஸ்பத்திரிக்குப் போவானா?"

ஆறினதுதான்யா பயம் என்று நான் சொன்னதை அவர் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை. சத்தம் கேட்டு முனியன் மாமா வந்தார். காப்புக் கட்டிய வீட்டில் சாவைப் பற்றிப் பேசுகிறாயே என்று என்னைத்தான் திட்டினார். நெருப்பு என்று சொன்னால் வாய் வெந்துவிடுமா என்று நானும் விடவில்லை. ஆவடி நம் ஊர் எல்லைக்கு வெளியே இருக்கிறது, டாக்டர் கையில் கத்தி இருக்கும், இரண்டும் ஆகாது என்றார் அவர். அப்படியானால் காப்பை அறுத்துவிடுங்கள், வேண்டுதல் என்னுடையது, எனக்குக் கட்டுங்கள், நான் இறங்குகிறேன் என்றேன். கெடாத காப்பை அறுத்தால் அம்மனை அவமதித்த மாதிரி என்றார். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்கமாட்டான் என்று சும்மாவா சொன்னார்கள். போகிற போக்கில் இன்னொன்றும் சொன்னார்.

"குடுத்த கண்ண அம்மன் திருப்பி எடுத்துக்கப் போறா. யோசிச்சிக்கோ, வடிவு."

அதுதான் என்னைக் கொன்றது. டாக்டர் சொன்னதும் நிஜம், என் கண்ணால் பார்த்தேன். மாசியில் என் பெண்ணின் கண் திறந்ததும் நிஜம், அதையும் என் கண்ணால்தான் பார்த்தேன். உச்சி வெயிலில் கோயிலுக்குப் போய், என்ன செய்யட்டும் என்று அம்மனையே கேட்டேன். ஒரு பல்லி கூடச் சொல்லவில்லை.

அதற்கப்புறம் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. காலையில் அவர் கொட்டாவி விடுகிறாரா என்று பார்ப்பேன். வாய் பிளந்து கொட்டாவி விட்டால் அன்றைக்குப் பிழைத்தேன். வேலைக்குப் போவேன், யாராவது பட்டாபிராமிலிருந்து வந்தால் வழி மறித்து விசாரிப்பேன். முறுக்கு வாங்கி வந்து கடிக்கச் சொல்வேன். இன்னா புதுசா கரிசனம் என்று கேலி செய்துகொண்டே தின்பார். அவர் கடிக்கிற சத்தம் காதில் விழுகிற வரைக்கும் நான் மூச்சு விடமாட்டேன். தெருவில் எல்லோரும் வடிவுக்குப் பைத்தியம் புடிச்சிக்கிச்சி என்று பேசினார்கள். பிடிக்காமல் என்ன செய்யும்? அந்தக் காலுக்குள் கதவைச் சாத்திக்கொண்டு ஒருத்தன் அடுப்பு மூட்டுகிறானா இல்லையா என்று எனக்கு எப்படித் தெரியும்.

நெருப்புத் திருவிழா நெருங்கிவிட்டது. ஒரு நாள் காலையில் அவர் சுவரில் சாய்ந்து காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். சாமுண்டி அவர் மடியில் தூங்கிவிட்டிருந்தாள். அவர் கையால் ஆடுசதையைப் பிடித்துக்கொண்டு முகம் சுளித்தார். என்ன என்று கேட்டேன்.

"ஒண்ணுமில்ல. ஆடுசதை தானா துடிக்குது, இழுத்து இழுத்து வுடுது."

எந்தக் கால் என்று நான் கேட்கவில்லை. பார்த்தாலே தெரிந்தது, ஆணி ஏறிய கால்தான். சதை தோலுக்கு அடியில் தானாகக் குதித்துக்கொண்டிருந்தது. விஷம் நரம்பைப் பிடித்து ஏறும் என்று டாக்டர் சொன்னது எனக்கு அப்படியே கேட்டது.

உள்ளே போனேன். காப்புக் கட்டிய வீட்டில் மீன் கிடையாது என்பதால் மீன் கத்தியைக் கழுவிச் செருகி வைத்திருந்தேன். ஆஸ்பத்திரியில் செய்வது போலக் கொதிக்கிற உலைத் தண்ணீரில் போட்டு எடுத்தேன். கிண்ணத்தில் நல்லெண்ணெய் ஊற்றிக்கொண்டு வந்து, நீவி விடுகிறேன் என்று அவர் காலடியில் உட்கார்ந்தேன். ரொம்ப நாளைக்கப்புறம் பொண்டாட்டி மாதிரி நடந்துக்கற என்று கண்ணை மூடிக்கொண்டார். மடியில் குழந்தை தூங்குவதால் சட்டென்று எழுந்திருக்கமாட்டார் என்று எனக்குத் தெரியும். அந்தப் பாவத்தையும் கணக்குப் போட்டுத்தான் செய்தேன்.

தாயே, எது வந்தாலும் எனக்கே வரட்டும் என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டு, கத்தி முனையைப் பற்றின் விளிம்பில் கொடுத்து நெம்பினேன். வில்லை அப்படியே பெயர்ந்து வந்தது. கீழே தோல் மூடியிருந்தது. அதைக் குத்தித் திறந்தேன். முதலில் கறுத்த நீர் வந்தது, குடலைப் புரட்டுகிற நாற்றத்தோடு. அப்புறம்தான் ரத்தம். அவர் விட்ட உதையில் நான் அடுப்பங்கரை வரைக்கும் போய் விழுந்தேன். குழந்தை வீறிட்டு அழுதது. நான் எழுந்து தெருவுக்கு ஓடினேன், முனியன் மாமா வீட்டு வாசலில் நின்று ஊருக்கே கேட்கிற மாதிரி கத்தினேன்.

"காப்புக் கட்டின ஒடம்புல ரத்தம் வந்துடுச்சி. வந்து அறுத்து வுடு, மாமா."

தெருவே கூடிவிட்டது. முனியன் மாமா தரையில் கிடந்த ரத்தத்தையும் கத்தியையும் என்னையும் பார்த்தார். அடிப்பார் என்றுதான் நினைத்தேன். ஆனால் சட்டம் அவருடைய சட்டம், அத்தனை பேர் முன்னால் அதை அவரால் மீறமுடியாது. தம்பியின் காப்பை அறுத்தார். நான் என் கையை நீட்டினேன், எனக்குக் கட்டுங்கள், வேண்டுதல் நிற்கக்கூடாது என்றேன்.

"கட்டினா எல்லையத் தாண்டக் கூடாது. கட்டிக்கினு இங்கயே இருக்கறியா? இருக்கறன்னு சொல்லு, கட்டறேன்."

அவர் வேண்டுமென்றே கேட்டாரா, முறைக்குக் கேட்டாரா, எனக்குத் தெரியாது. நான் போகாவிட்டால் எந்த வீட்டு ஆணும் தானாக என் புருஷனை ஆவடிக்குக் கூட்டிப்போகமாட்டான் என்பது மட்டும் தெரியும். சாமுண்டி பக்கத்து வீட்டு ராஜம்மாவின் இடுப்பில் உட்கார்ந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த இரண்டு கண்ணையும் பார்த்துவிட்டு நான் கையை இழுத்துக்கொண்டேன். அந்த வருஷம் எங்கள் வீட்டு வேண்டுதல் அங்கேயே நின்றது.

ராஜம்மா தைரியசாலி. குழந்தையை நான் பார்த்துக்கொள்கிறேன் என்றாள், தன் புருஷனை அதட்டி வண்டியைப் பூட்ட வைத்தாள், இரண்டு பேருமாகச் சின்னசாமியைத் தூக்கிப் போட்டார்கள். காப்பு அறுந்த பிறகு அவருக்கும் எதிர்க்கத் தெம்பு இல்லை, வாய் மட்டும்தான் இருந்தது. எல்லைக் கல் வரைக்கும் என் பரம்பரையையே இழுத்துத் திட்டினார். வண்டி கல்லைத் தாண்டியதும் பேச்சை நிறுத்திவிட்டார்.

டாக்டர் காலைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். நீயா கீறினே என்று மட்டும் கேட்டார். அழுகின சதையை எல்லாம் வெட்டி எடுத்து, தைக்காமல், காற்றுப் படும்படி காயத்தை வாய் திறந்த மாதிரியே விட்டார். சீரம் போட்டார். அத்தனைக்கும் இந்த மனுஷன் ஒரு முனகல் முனகவில்லை.

அங்கேதான் ஆரம்பித்தது எனக்கு நரகம். அவர் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டு வாயைத் திறக்கவே மாட்டேன் என்கிறார். கஞ்சியைக் கொடுத்தால் பல்லிடுக்கில் உறிஞ்சிக் குடிப்பார். தாடை பூட்டிக்கொண்டதா, இல்லை என் மேல் இருக்கிற கோபமா? வாயைத் திறய்யா, ஒரே ஒரு தரம் என்று கெஞ்சினேன். கண்ணை மூடிக்கொண்டார். டாக்டர் மோவாயைப் பிடித்து இழுத்துப் பார்த்தார், இவர் இன்னும் இறுக்கிக் கடித்துக்கொண்டார். இது ஜன்னியா திமிரா என்று எனக்கே தெரியலைம்மா, பொறுத்துப் பார் என்று அவரும் போய்விட்டார். பக்கத்தில் யாராவது பாத்திரத்தை வைத்தால் நான் அவர் முதுகைப் பார்ப்பேன், வளைகிறதா என்று. கழுத்தைத் தொட்டுப் பார்ப்பேன், கையைத் தட்டிவிடுவார். தட்டிவிடுகிறாரே என்று ஒரு நிமிஷம் சந்தோஷமாக இருக்கும், அடுத்த நிமிஷம் மறுபடியும் பயம். உட்கார்ந்தால் எழுந்திருப்பேன், எழுந்தால் நடப்பேன், தண்ணீர் கூட உள்ளே இறங்கவில்லை. பாவி மனுஷா, செத்தாலும் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுச் சாகக்கூடாதா என்று அழுதேன்.

திருவிழா நாள் வந்தது. எங்கள் ஊரில் நெருப்பு மூட்டியிருப்பார்கள். மத்தியானம் ராஜம்மா குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு வெயிலில் நடந்தே வந்தாள். அப்பாவைக் கேட்டு அழுகிறாள் என்று கட்டிலில் இறக்கிவிட்டாள். சாமுண்டி அவர் மேல் ஏறி, கழுத்தைக் கட்டிக்கொண்டு, கன்னத்தோடு கன்னத்தை வைத்துக்கொண்டாள். அவர் கை அவள் முதுகுக்குப் போனது. அப்புறம் நெற்றிக்குப் போனது. சடாரென்று எழுந்து உட்கார்ந்தார்.

"அடிப்பாவி, கொயந்தைக்கு ஒடம்பு நெருப்பா சுடுதுடி. நேந்துக்கினத நிறுத்தினியே, இப்ப அவ கண்ண அம்மன் எடுத்துக்கப் போறாடி. உன்னால தாண்டி."

கொட்டகையே திரும்பிப் பார்த்தது. அவர் நிறுத்தவில்லை. வாயை அகலமாகத் திறந்து, கடைவாய்ப் பல், வெற்றிலைக் கறை, உள்நாக்கு எல்லாம் தெரிய, தொண்டை கிழியக் கத்தினார். நான் ஒரு கையால் குழந்தையின் நெற்றியைத் தொட்டேன். சுட்டது. இன்னொரு கையால் அவர் தாடையைத் தொட்டேன், அது என் விரலுக்கு அடியில் மேலும் கீழும் தாராளமாக ஆடிக்கொண்டிருந்தது. எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன.

"திட்டுய்யா. நல்லா வாயத் தொறந்து திட்டு."

குழந்தைக்கு வெயில் சூடுதான். சாயங்காலத்துக்குள் தணிந்துவிட்டது. டாக்டரிடம் ஜன்னி வந்து திரும்பியதா, வரவே இல்லையா என்று கேட்டேன். வராமல் போனதற்கு என்ன சாட்சி இருக்கிறது என்றார் அவர். சின்னசாமி அன்றைக்கு ஆரம்பித்த திட்டை இன்னும் முடிக்கவில்லை. ஆறிப்போன காயத்தைக் கெடுத்து நொண்டியாக்கினவள், அம்மனிடம் வாக்குத் தவறினவள் என்று யார் வந்தாலும் என்னைக் காட்டிச் சொல்கிறார். சாமுண்டியின் கண் கொஞ்சம் சிவந்தாலும் என்னைத்தான் முறைக்கிறார். அப்போதெல்லாம் எனக்கும் நெஞ்சு அடித்துக்கொள்ளத்தான் செய்கிறது. சொல்லட்டும். சொல்வதற்கு அந்த வாய் திறக்கிறதே, எனக்கு அது போதும்.